களத்தில் அளந்த இரண்டு மரக்கால்

என் அண்ணன் வெள்ளைச்சாமிக்குப் பிட்டர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. புதுக்கோட்டையில் தொழிற்பயிற்சி நிலையம் வந்த மறுவருஷம், பள்ளி இறுதித் தேர்வை இரண்டாவது முறை எழுதித் தேறிய சான்றிதழோடு போய் நின்றான். பிட்டர் பிரிவு நிரம்பிவிட்டிருந்தது. எலெக்ட்ரீஷியனும் நிரம்பிவிட்டது. இரும்புக் கொல்லர் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் உலையிலிருந்து தப்பிக்கத்தான் அங்கே வந்தார்கள். மற்ற வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள்.

அண்ணன் வீட்டில் யாரையும் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டு வந்துதான் சொன்னான்.

ஆத்தா மூக்காயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பினாள். "கொல்லு வேலையா? அதுக்குப் படிப்பு வேறயா? நம்மூரு ஆசாரி எந்தக் காலேசுலடா படிச்சாரு?"

"கவர்மெண்டு சர்டிபிகேட் தருவாங்க ஆத்தா."

"அதக் காட்டியா ஒங்க மாமன்கிட்டப் பொண்ணு கேக்கப்போறே?"

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. ஆத்தாவின் தம்பி நாகராசுதான் எல்லாவற்றுக்கும் முன்னே நின்றவர். அவர் மகள் செங்கமலம் அண்ணனுக்கு என்று சிறுவயதிலேயே பேச்சு. பயிற்சிக்கு இடம் கிடைத்தது என்றதும் மாமன் டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எந்தப் பிரிவு என்று தெரிந்த அன்று அதே கடையில், "எம் மக துருத்தி ஊதவா போறா?" என்றார்.

ஊரில் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவர் குழந்தைசாமி ஆசாரி ஒருவர்தான். அவர் மகன் அதே நிலையத்தில் பிட்டர் பிரிவில் இருந்தான். "எம் மவன் நெருப்பு வேணாம்னு அங்கிட்டு ஓடுறான். நீங்க நெருப்பத் தேடி வாரீங்க. கடைசியில ரெண்டு பேரும் பஸ்ஸுலதான் போறீக தம்பி!"

விரும்பிச் சேராத பிரிவுதான். ஆனால் சில மாதங்களில் அண்ணனுக்கு அதில் பிடிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்தபடி, இரும்பு எந்தச் சிவப்பில் வளையும், எந்த மஞ்சளில் ஒட்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நான் அப்போது கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு வெளியே என் பாடத்தைப் பற்றி நான் வாய் திறந்ததாக நினைவில்லை.

அடுத்த ஆடியில் உழவு தொடங்கிய சமயம் குழந்தைசாமிக்குக் காய்ச்சல். ஊர்க் கலப்பைகளெல்லாம் கொழு மழுங்கிக் கிடந்தன. அண்ணன் இரண்டு ஞாயிறு அவர் உலையில் நின்று கொழுக்களைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தான். மாமன் வீட்டுக் கொழுவும் அதில் ஒன்று. ஆளை அனுப்பி வாங்கிக்கொண்டார், தான் வரவில்லை.

தை வந்தது. பயிற்சி முடிந்து, சான்றிதழ் வாங்கி, வேலைக்குக் காத்திருந்தான் அண்ணன். அந்த மாதமே பெண் கேட்டுவிட வேண்டும் என்று ஆத்தா பரபரத்தாள். மாமன் களத்தில் நெல் தூற்றிய அன்று நாங்கள் எல்லோரும் ஒத்தாசைக்குப் போயிருந்தோம்.

எங்கள் ஊரில் தூற்றிக் குவித்த நெல்லை, பொலியை, அளக்கும்போது முதலில் ஊர்த் தொழிலாளிகளுக்குப் பங்கு. குழந்தைசாமிக்கு அளந்தார் மாமன். அப்புறம் மரக்காலைக் கீழே வைக்காமல் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வாப்பா, நீயும் கொழு அடிச்சேல்ல. துண்ட விரி."

களம் முழுக்கச் சிரிப்பு. அது வெறும் கேலி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கினால் அவனும் பங்குக்கு நிற்கிற தொழிலாளி, பெண் கேட்கிற வாயை மூடிக்கொள் என்று அர்த்தம். வேண்டாம் என்றால், அவன் படித்ததை அவனே மறுத்தமாதிரி. ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் தோளிலிருந்த துண்டை உதறி விரித்தான். மாமன் ஒரு மரக்கால் அளந்து கொட்டினார். அண்ணன் துண்டை மடிக்கவில்லை.

"என்னடா?"

"குறையுது மாமா. ஆசாரிக்கு ரெண்டுல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. முறத்தோடு நின்ற செங்கமலம் தலையைத் தூக்காமல், "ரெண்டுதான்ப்பா" என்றாள்.

மாமன் இரண்டாவதையும் அளந்தார். கொட்டிய வேகத்தில் பாதி நெல் துண்டுக்கு வெளியே விழுந்தது.

அந்த நெல்லை ஆத்தா தனிப் பானையில் போட்டு மூடினாள், கோழிக்குக்கூடப் போடவில்லை. பெண் கேட்கவும் போகவில்லை. சித்திரையில் அண்ணனுக்கு டவுனில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் வேலை கிடைத்தது. உடைந்த ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி வளைவு கொடுக்கும் வேலை. செங்கமலத்தை ஆவூர்ப் பக்கமிருந்து ஒருவர் பார்த்துப்போனார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அது அப்படியே நின்றது.

மறு தையில் அண்ணன் லீவு போட்டுவிட்டு நேராக மாமன் களத்துக்குப் போனான். பங்கு அளக்கிற நேரம் பார்த்துத் துண்டை விரித்து நின்றான்.

"நீ எங்கடா இங்க?" என்றார் மாமன்.

"போன வருசம் அளந்தீங்கல்ல மாமா."

அவர் சுற்றிலும் பார்த்தார். குழந்தைசாமி மிகவும் பணிவாக, "அளந்த பங்க நிறுத்துனா களத்துக்கு ஆகாதுன்னு சொல்லுவாக. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான். ஒருவருக்குக் களத்தில் பங்கு என்று தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் பொலி குறையும் என்று பயம். கேலிக்கு அளந்ததும் அளந்ததுதானா என்று கேட்க எந்தப் பெரியவரும் முன்வரவில்லை. மாமன் இரண்டு மரக்கால் அளந்தார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஏக்கா, மருமகனுக்குக் களத்துல பங்கு அளக்குற வழக்கம் உண்டா?"

ஆத்தா நிதானமாகச் சொன்னாள்: "மருமவனுக்கு யாரு அளப்பா? வீட்டுக்குக் கூப்புட்டுச் சோறு போடுவாக."

"அப்ப வைகாசியில வச்சுக்குவம். வருசா வருசம் இவனுக்கு அளந்து எனக்குக் கட்டுபடியாகாது."

கல்யாணம் நடந்தது. மாமனை மாற்றியது அந்த நெல்லா, பஸ் கம்பெனிச் சம்பளமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்போதும் யாராவது கேட்டால் மருமகன் 'பஸ் கம்பெனியில' என்பார்; என்ன வேலை என்று சொல்வதில்லை. நானும் பி.ஏ. முடித்துவிட்டேன். தையில் களத்தில் நிற்கிறேன், மூட்டை பிடிக்கிறேன். கேலிக்காகவாவது எனக்கு ஒரு மரக்கால் அளக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எதற்கென்று அளப்பார்கள்?

அன்று களத்தில் ஏன் 'ரெண்டுதான்' என்று சொன்னீர்கள் என்று ஒருநாள் செங்கமலம் அண்ணியிடம் கேட்டேன். அண்ணனின் பட்டறைச் சட்டையைச் சவுக்காரம் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கொறச்சு அளந்தா எங்க அப்பாவுக்குத்தான அசிங்கம், தம்பி" என்றார். பிறகு சட்டையைத் தூக்கிப் பிடித்து, தீப்பொறி பட்டுப் பொத்தலான இடத்தில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.