டயர்களை மோந்து பார்த்த கோடை

நான் பார்க்கும் வேலை மனிதனை நல்லவனாக்கும் வேலை அல்ல. வட லண்டனில் ஒரு கவுன்சிலில், பார்க்கிங் அபராதத்தை எதிர்த்து மக்கள் எழுதும் முறையீடுகளை வாசித்து, பெரும்பாலும் நிராகரிக்கிறேன். மாமியார் மயங்கி விழுந்தது, நாய் வாந்தி எடுத்தது, அறிவிப்புப் பலகையை மரக்கிளை மறைத்தது எல்லாம் வாசித்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் துப்பறியும் நாவல். ஆக, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை யாரையாவது நம்பாமல் இருப்பதே என் அன்றாடம்.

ஐம்பதை நெருங்கும்போது சிலருக்குச் சர்க்கரை வியாதி வருகிறது; சிலர் கோவில் நிர்வாகசபைக்குள் போகிறார்கள். எனக்கு ஸ்டாக் கார் வந்தது. பழைய காரொன்றின் கண்ணாடி, இருக்கைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் வெளியே இரும்புப் பம்பரும் பொருத்தி, சிறிய வட்டத் தடத்தில் ஆளையாள் இடித்துக்கொண்டு ஓடும் பந்தயம் அது. இடிப்பது குற்றமில்லை. நோர்த் சேர்குலர் வீதியில் தினமும் நடப்பதுதான். இங்கே கொடி காட்ட ஆள் நிற்கிறது, அவ்வளவே.

காரைக் கட்டியவன் மனைவியின் தம்பி. வட லண்டனிலேயே, எட்மண்டனில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறான். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் அவனுக்கு லைட் பிடித்தேன். கார் கட்டினேன் என்று அலுவலகத்தில் நான் சொல்லிக்கொள்வதன் முழு விபரம் அதுதான்.

“அத்தான், வெல்டிங்கைப் பாக்காதேங்கோ. கண் போயிடும்.”

“பாக்காமல், நீ ஒழுங்காச் செய்யிறாயோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“அதுக்குத்தான் சொல்லுறன், பாக்காதேங்கோ.”

வசந்தத்துக்குள் கார் தயாராகிவிடும் என்றான். பிறகு அடுத்த கிழமை என்றான். அந்த அடுத்த கிழமை கோடை முடியும்வரை நீண்டது. ஆனால் நான் சேர்ந்திருந்த பந்தயக் கிளப்பில் ஒரு விதி இருந்தது: கார் ஓடுகிறதோ இல்லையோ, உறுப்பினர் ஒவ்வொருவரும் பந்தய நாட்களில் தொண்டு செய்ய வேண்டும். கொடி பிடிக்கலாம், வாயிலில் நிற்கலாம், தேநீர் ஊற்றலாம். டயர் பரிசோதனைக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கிலேயப் பெண்மணி, என்ன வேலை செய்கிறாய் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். “என்னோடு வா,” என்றார்.

அவருடைய பகுதியின் வேலை இது. எல்லோரும் ஒரே வகை டயர்தான் போட வேண்டும். அதன் ரப்பருக்கு ஒருவித இரசாயனம் பூசினால் அது இளகி, வளைவுகளில் தரையை நன்றாகப் பிடிக்கும். அது களவு. பிடிபட்டால் ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் போய்விடும். பெயரை ஒலிபெருக்கியில் வேறு சொல்வார்கள். கண்டுபிடிக்க அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, கைபேசி அளவிலான ஒரு பெட்டி; மூக்கு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், இரசாயன ஆவி பட்டால் கீச்சிடும். மற்றது நான்.

அந்தக் கிளப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழரும் இருந்தார். விம்பிள்டன்காரர், தமிழ்நாடு, மயக்க மருந்து டாக்டர். முதல் நாள் கைகுலுக்கிக்கொண்டபோது இருவர் மனதிலும் ஒரே கேள்விதான்: இந்தாளுக்கு இங்கே என்ன வேலை? ஆனால் அவரிடம் ஓடுகிற கார் இருந்தது. வெல்லவும் தொடங்கினார். அங்கேதான் எனக்கு உதைத்தது. ஊசி ஒன்றால் எத்தனை முரடரையும் தளர்த்திவிடுகிறவருக்கு ஒரு டயர் எம்மாத்திரம்?

கவனிக்கத் தொடங்கினேன். அவருடைய டயர்கள் அவரது வீட்டுக் காரின் பின்சீட்டில், சமையலறையில் சாப்பாட்டை மூடுகிற பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி வந்தன. மருந்து பூசுகிறவர்கள் ஆவி பறக்காமல் இருக்க அப்படித்தான் சுற்றுவார்கள் என்று பெண்மணி எனக்குச் சொல்லித் தந்திருந்தார். குனிந்து மோந்து பார்த்தேன். இனிப்பான ஒரு வாசம். ரப்பருக்கு அந்த வாசம் கிடையாது. கருவியை வாங்கி வைத்துப் பார்த்தேன், மௌனம். மறு சக்கரம், மௌனம். ஆகவே அவர் நிரபராதி என்று இன்னொருவன் முடிவு செய்திருப்பான். கருவியையே ஏய்க்கிறார், ஆள் பெரிய விண்ணன் என்று நான் முடிவு செய்தேன்.

“சார், என் டயர்ல அப்படி என்னதான் தேடறீங்க?” என்று ஒருநாள் கேட்டார்.

“எல்லாருக்கும் செய்யிறதுதான், டாக்டர். விதி.”

“எல்லாருக்கும் ஒரு தடவை பண்றீங்க. எனக்கு மட்டும் ரெண்டு தடவை. ஃபாலோ-அப்பா?”

பெண்மணியிடம் முறையிட்டேன். ஆதாரம் என்ன என்றார். மணக்கிறது என்றேன். “மழை பெய்தால் புல்லும் மணக்கும்,” என்றுவிட்டு அடுத்த காருக்குப் போனார். அவருக்கும் டாக்டருக்கும் ஏதாவது இருக்குமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பிறகு, அவருடைய முகத்தைப் பார்த்து அந்த யோசனையைக் கைவிட்டேன்.

கடைசிப் பந்தய நாளுக்கு என் கார் தயாரானது. வெள்ளைக் கூரை, பின்பக்கம் புதியவன் என்பதைக் காட்டும் கறுப்புக் குறுக்குக் கோடுகள். ஒரு முழுப் பருவம் மற்றவர்களின் டயர்களை மோந்த பிறகு, எனக்கென்று ஒரே ஒரு ஓட்டம். அதைப் பார்க்க மனைவியும் வந்தாள். இழுவை வண்டியிலிருந்து காரை இறக்கத் தயாரானபோது, கைப்பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்து, சரிவுப் பலகைகள் முடியும் இடத்தில் நிலத்தில் வைத்தாள்.

“என்னப்பா இது?”

“புது வாகனம் வெளிக்கிடமுதல் தேசிக்காய் நசிக்க வேணும்.”

“இது வாகனமில்லை. போய் இடிக்கிறதுக்கெண்டே கட்டினது.”

“அப்பிடியெண்டால் கட்டாயம் நசிக்க வேணும்.”

தம்பி அக்காவின் பக்கம். கார் இறங்கியது, முன்னும் பின்னுமாக உருட்டி நான்கு டயர்களையும் ஏற்றினான். சத்தம் கேட்டுப் பக்கத்துக் காரின் குடும்பம் சிப்ஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கியது. நசிந்த தோலையெல்லாம் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். டயர்களில் விதையும் சக்கையும் ஒட்டியிருந்தன. ஒரு துணியை எடுத்து, நான்கையும் சுற்றிச் சுற்றி, ஒரு பொட்டும் தெரியாதபடி அழுத்தித் துடைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் துடைத்தேன்.

பரிசோதனை வரிசையில், கருவியின் குழாய் என் முன் டயரை நெருங்கியதும் அது கீச்சிட்டது. பின் டயரில் அதைவிட உரக்க. பெண்மணி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “காரை ஓரமாக விடு,” என்றார். மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர், நான் களவாகத் துணியால் டயர் துடைத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். பொய் இல்லை. ஓடாத ஓட்டத்துக்கு ஒரு வருடத் தடை, கூடவே ஒலிபெருக்கியில் என் பெயர். மனைவி வேறு அங்கே நிற்கிறாள்.

விளக்கினேன். எங்கள் ஆட்கள் புது வாகனத்தை ஒரு பழத்தின் மேல் ஏற்றுவார்கள் என்றேன். கண்ணூறு படாமல் இருக்க என்றேன். அதன் தோல் எண்ணெயின் ஆவிதான் கருவியில் பட்டிருக்கும் என்றேன். அந்தப் பழத்தை நானே குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். பேசப் பேச என் குரல் எனக்குப் பழக்கமான குரலாகக் கேட்டது. அலுவலகத்தில் தினமும் வாசிக்கிற குரல். இப்படி ஒரு முறையீடு என் மேசைக்கு வந்திருந்தால், தேநீர் ஆறுமுன் நிராகரித்திருப்பேன்.

“அத்தான், சும்மா கதைக்காதேங்கோ. இவை நம்பமாட்டினம்,” என்றான் தம்பி.

மனைவி கைப்பையைத் திறந்து மிச்சத் தேசிக்காயை நீட்டினாள். பெண்மணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்களிடம் பழம் இருக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, சுத்தமான ஒரு டயரை இதன்மேல் ஏற்றிப் பார்க்கலாம், அதுவும் கீச்சிட்டால் நான் சொல்வது சரி என்றார். “யாராவது டயர் தருகிறீர்களா?”

சுற்றி நின்ற ஒருவரும் அசையவில்லை. கீச்சிட்ட டயரை வழக்கமாக அன்றைக்கு ஓட விடமாட்டார்கள். எனக்காக யார் ஒரு சக்கரத்தை இழப்பார்கள்? நானாக இருந்தால் கொடுக்கமாட்டேன்.

“என்னோடத எடுத்துக்கங்க,” என்று ஒரு குரல். டாக்டர். சொல்லிக்கொண்டே ஜாக்கியை வைத்துத் தன் காரின் பின் சக்கரம் ஒன்றைக் கழற்றத் தொடங்கியிருந்தார். ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்குள் இருந்த உத்தியோகத்தன் கேட்டான். அவனை அடக்கினேன்.

சக்கரத்தை உருட்டி வந்து என் முன் நிறுத்தினார். பெண்மணி முதலில் கருவியை வைத்தார். மௌனம். பிறகு என்னைப் பார்த்தார். “நீயும் மோந்து சொல். வருடம் முழுக்க நீதானே மோந்தாய்.”

குனிந்தேன். அதே இனிப்பு வாசம். இல்லை என்று சொன்னால் என் ஓட்டம் எனக்குக் கிடைக்கும். மணக்கிறது என்றால், பரிசோதனை அங்கேயே நின்றுவிடலாம். என் டயரோடு சேர்த்து இவருடையதும் ஓரமாகப் போகலாம். எல்லோரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மணக்குது,” என்றேன். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மனைவி தலையில் கைவைத்தாள். “உங்களுக்கு விசரே?”

டாக்டர் சிரித்தார். “குழந்தை ஷாம்பு, சார். பொண்ணோடது. நாங்க இருக்கறது மூணாவது மாடி ஃபிளாட். டயரைக் குளியல் தொட்டியிலதான் கழுவணும், அங்க அதான் கெடந்துச்சு.”

“அந்தப் பிளாஸ்டிக் தாள்?” வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“பின்சீட்ல கறை பட்டா வீட்ல என்னையும் சேத்து வெளிய போட்டுருவாங்க. இதை மே மாசமே கேட்டிருக்கலாமே? நான் என்ன கடிச்சா வைப்பேன்?”

ஷாம்பு கருவியில் காட்டாது, மூக்கில்தான் காட்டும் என்றார் பெண்மணி. மனைவி தேசிக்காயை நிலத்தில் வைத்தாள். ‘எலுமிச்சம்பழம் வைக்கறப்போ வலது சக்கரத்துக்குத்தானே மொதல்ல?’ என்று டாக்டர் அவளிடம் மரியாதையாக விசாரித்தார். அது ஊருக்கு ஊர் மாறும் என்றாள். தம்பி சக்கரத்தை அழுத்தி உருட்டினான். பழம் நசிந்தது. தம்பி துணியை எடுத்து, நான் துடைத்த மாதிரியே துடைத்தான். களவாகப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் பார்த்தும் காட்டினான். பெண்மணி கருவியை நீட்டினார்.

அது கீச்சிட்ட சத்தத்துக்கு, சிப்ஸ் குடும்பம் கைதட்டியது.

அவர் தீர்ப்பு சுருக்கமானது. நான் டயர்களைக் கழுவிவிட்டு வர வேண்டும். மறுபடி வைத்துப் பார்ப்பார். மௌனமாக இருந்தால் ஓடலாம். அடுத்த பருவத்திலிருந்து டயர்களுக்குப் பக்கத்தில் பழ வகைகள் கூடாது. என்னிடம் ஷாம்பு இல்லாததால் டாக்டரிடம் வாங்கித்தான் கழுவினேன். கருவி பேசவில்லை. நான்கு டயரும் குழந்தைபோல் மணந்தன. டாக்டர் தன் காரில் ஓர் உதிரிச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டார்.

“பெரிய உதவி, டாக்டர்,” என்றேன்.

“உள்ள போய் இடிக்கறப்போ கோவிச்சுக்காதீங்க, அது போதும்.”

புதியவர்கள் எல்லோருக்கும் பின்னால் நிற்க வேண்டும். பச்சைக் கொடி அசைந்தது, ஓடினேன். முதல் சுற்றில் யாரும் என்னை இடிக்கவில்லை, ஏனென்றால் யாரும் என் பக்கத்தில் இல்லை. தம்பியின் வெல்டிங் எல்லாம் ஒரே குரலில் அலறியது. ஆனாலும் ஓடினேன், வளைவில் கார் வழுக்கியபோது சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை. சில சுற்றுகளில் முன்னணிக்காரர் பின்னால் வந்து சேர்ந்தார். டாக்டர்தான். வளைவின் வாசலில் என் பின் பம்பரில் மெதுவாக, ஊசி போடுவதுபோல் ஒரு தட்டு. என் கார் பம்பரமாகச் சுழன்று, தடத்துக்கு நடுவிலுள்ள புல்லில் போய் அணைந்தது.

அங்கே ஒரு விதி: நின்றுபோன காரிலிருந்து, ஓட்டம் முடியும்வரை இறங்கக் கூடாது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பட்டிகளால் கட்டுண்டபடி இருந்தேன். வேறு வேலை இல்லை. மற்றக் கார்கள் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடின. டாக்டர் அவற்றுக்கெல்லாம் முன்னால். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய உதிரிச் சக்கரம், மற்ற மூன்றையும்விட உறுதியாக வளைவைப் பிடித்துக்கொண்டு போனது. அன்று அந்தச் சக்கரத்தை மட்டும் யாரும் மோந்து பார்க்கவில்லை.