சண்டைக்குத்தான் போனாரா புஷ்பம்?

ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஒரு மாதமாக என்னைப் படாதபாடு படுத்துகிறது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்... உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு, யட்டியாந்தோட்டை பஜாரில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு வருகிறேன். வாசலில் புஷ்பம் நிற்கிறார். பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மகள் என்னிடம் படித்தவள், அந்தப் பழக்கம். வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பார். அன்றைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்.

"பெலிஜரன்ட்."

வழியில் மறந்துபோகக் கூடாதே என்று யாரோடும் பேசாமல் வந்தாராம். உச்சரிப்பு கொஞ்சமும் பிசகவில்லை. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற என் பிள்ளைகள்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

"அப்படின்னா என்னங்க டீச்சர்? அதுக்காகத்தான் என்னைய வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க."

விஷயம் இதுதான். புஷ்பம் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. போன மழையில் அதன் உச்சியில் வெடிப்பு விட்டிருக்கிறது. அடுத்த மழை எப்போது? நம் கேகாலைப் பக்கத்து மழை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது! தோட்டத்தில் பழைய புள்ளைக் காம்பரா ஒன்று சும்மா கிடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தக் கட்டடம். புதிது கட்டிய பிறகு பழையதைப் பூட்டிவிட்டார்கள். மழை நாட்களில் லயத்துச் சனம் அங்கே படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் தொரை — அதுதான், தோட்ட மனேஜர் — பார்ப்போம் என்றார். மறுபடி போய்க் கேட்டார்கள். மறுபடியும் பார்ப்போம்.

அப்புறம் ஒரு நாள், எடுத்த பாலை ஒப்படைத்த கையோடு புஷ்பம் நேராக ஆபீசுக்குள் போய்விட்டார். தருவீங்களா மாட்டீங்களா, இப்பவே ஒரு பதில் சொல்லுங்க என்று மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார். தொரை எழுந்து சுவரோரமாகப் போய்விட்டாராம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று உத்தரவு. என்ன குற்றம் என்று கேட்டதற்கு கிளாக்கர் ஐயா இந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிவிட்டு, அர்த்தத்தை டீச்சரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். கெட்டிக்கார மனிதர்!

சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்ல?

சண்டை போடத் துடிக்கிற, மோதுவதற்கென்றே நிற்கிற... அகராதிக்கு இது போதும். ஆனால் கோபம் வந்து நாலு வார்த்தை கத்துகிறவரை இப்படிச் சொல்வதில்லை. வம்பைத் தேடிப் போகிறவரைத்தான் சொல்வார்கள். குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறி, சிவனே என்று நிற்கிறவனைப் பார்த்து 'ஏன்டா இடிச்சே?' என்று கேட்பான் பாருங்கள், அவன் பெலிஜரன்ட். யுத்தத்தில் இறங்கிய நாட்டுக்கும் இதே வார்த்தைதான். பீரங்கி வைத்திருக்கிற நாட்டுக்கும், பால் வாளி தூக்குகிற புஷ்பத்துக்கும் ஒரே வார்த்தையா?

தமிழில் சொல்லலாம் என்றால் அது அதைவிட வில்லங்கம். சண்டைக்காரி என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். வம்புக்காரி இன்னும் மோசம். யோசித்து யோசித்து, போர்க்குணம் என்றேன். புஷ்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது. மே தினக் கூட்டத்தில் தலைவர்மார் 'போர்க்குணம் கொண்ட தொழிலாளர்களே' என்றுதானே மைக்கில் ஆரம்பிப்பார்கள்? அப்படியென்றால் என்னைப் பாராட்டியா வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று கேட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரே குணம்... மேடையில் சொன்னால் கைதட்டு, ஆபீசில் சொன்னால் விசாரணை. எதை நம்ப?

பேச்சை மாற்றுவதற்காக, தொரை ஏன் சுவரோரமாகப் போனார் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. என் கையில இருந்த கத்தியையே பார்த்துக்கிட்டிருந்தாரு."

கத்தியா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

றப்பர் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் வெட்டும் கத்தி ஒரு சாண் நீளம், நுனி மடிந்திருக்கும். அதை வைத்து ஒரு வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக நறுக்க முடியாது. ஆனால் ஒருவர் கத்தியை இன்னொருவர் தொட மாட்டார்கள். அவரவர் கைவாகுக்குத் தீட்டியிருப்பார்கள். வேறு கை பட்டு முனை மாறினால் மறுநாள் மரத்தில் காயம் விழும், கங்காணியிடம் ஏச்சு விழும். அதனால் வாளியை எங்கே வைத்தாலும் கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள். கடைக்கும் கையோடு, கோயில் வாசல் வரைக்கும் கையோடு. புதுத் தொரையோ தேயிலை மலையிலிருந்து வந்தவர். அங்கே கொழுந்து பறிக்கிற பெண்கள் ஆபீசுக்கு வெறுங்கையோடுதான் வருவார்கள். அவர் கண்ணால் பாருங்கள்... உரத்த குரலில் பேசிக்கொண்டு ஒரு அம்மா, கையில் கத்தி!

அப்பாடா, கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

விசாரணைக்கு ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாமாம். தொழிற்சங்கத் தலைவர் கொழும்புக்குப் போயிருந்தார். தலைவர்மார் அவசரத்துக்கு என்றைக்கு ஊரில் இருந்திருக்கிறார்கள்? நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த இங்கிலீஷில் கத்தி வைத்திருக்கும் பழக்கத்தை விளக்கினேன். தொரை சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளை. காது சிவக்கச் சிரித்தார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். எங்களுக்கு டீ வந்தது.

பிறகு புஷ்பத்தின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். அப்படியென்றால் நீங்கள் சண்டைக்கு வரவில்லை, அப்படித்தானே? இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாளைக்கே வேலைக்கு வரலாம்.

சொல்லுங்க புஷ்பம், சொல்லித் தொலைங்க என்று கண்ணைக் காட்டினேன். அந்த வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. புஷ்பம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மொழிபெயர்க்கத் தயாராக நான் உட்கார்ந்திருக்க, அவர் என்னைத் திரும்பியும் பார்க்காமல் நல்ல சிங்களத்திலேயே சொன்னார். அதை அவர் வாய்த் தமிழில் தருகிறேன்.

"கத்தியைக் காட்ட வரலைங்க தொரை. ஆனா சண்டைக்குத்தான் வந்தேன். மண்ணு வந்ததுக்குப் பொறவு வந்து சண்டை போட நாங்க இருக்க மாட்டோம்."

எனக்கு டீ புரையேறியது. கிளாக்கர் ஐயா ஜன்னலைப் பார்த்தார். அந்த வெடிப்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று தொரை எழுந்தார். மூன்று பேரும் மேட்டில் ஏறினோம். தொரையின் கை மணிக்கட்டுவரை அந்த வெடிப்புக்குள் போனது. வெளியே எடுத்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. அன்று மாலையே புள்ளைக் காம்பராவின் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் புஷ்பத்துக்கு வேலையும் கிடைத்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. காரணம்... அதே பெலிஜரன்ட்! சண்டைக்கு வந்ததாக அவரே ஒத்துக்கொண்டாரே, நான் என்ன செய்வது என்று தொரை என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். புஷ்பம் செய்ததும் நியாயம்தான். அப்புறம் எது அநியாயம்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பஜாரில் மீன் வாங்கும்போது புஷ்பத்தைப் பார்த்தேன். முகம் சரியில்லை. மழை நன்றாகக் கொட்டித் தீர்த்துவிட்டதாம். லயத்துச் சனமெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு காம்பராவுக்குப் போய் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் மேடு அப்படியே நிற்கிறது. கோழியை நரி கொண்டுபோனதுதான் மிச்சம், எல்லாம் இந்த அம்மா போட்ட சண்டையால் வந்தது என்று லயத்தில் முணுமுணுக்கிறார்களாம். வெடிப்பு மட்டும் இன்னும் அகலமாகியிருக்கிறதாம். அதை யார் ஏறிப் பார்க்கப்போகிறார்கள்?

"மண்ணு விழலையே டீச்சர். அப்ப நான் சும்மாவா சண்டை போட்டேன்?"

மண் விழுந்தால் புஷ்பம் சொன்னது சரி. விழாவிட்டால் புஷ்பம் வம்புக்காரி. அவர் பெயர் கெடாமல் இருக்க அந்த மேடு சரிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள முடியுமா? மீன் பையோடு நடுத்தெருவில் விழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மண் என்றைக்குமே விழாமல் இருக்கட்டும். புஷ்பம் சாகும்வரை சண்டைக்காரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்!