சக்கரம் கழற்றிய நடைவண்டி

இங்கே மலையில் எலுமிச்சம்பழம் கை தவறி விழுந்தால் குனிந்து எடுக்க முடியாது. கீழ்வீட்டுச் சேச்சியிடம் போய்க் கேட்டு வாங்கிவர வேண்டும். வாசல், கொல்லை, கோழிக்கூடு எல்லாமே சரிவில்தான். சமவெளியில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். கணவருக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் உத்தியோகம் என்று மாயவரத்திலிருந்து வந்த நானும் முதல் மாதம் சிரித்தேன். மகன் பிறந்தபின் சிரிப்பு நின்றது. ஒன்றரை வயதாகியும் அவன் நடக்கவில்லை. எழுந்து நிற்பான், ஓரடி வைப்பான், சரிவு இழுக்கும், உட்கார்ந்துவிடுவான். அவன் காலில் குறையா, என் வளர்ப்பில் குறையா? "நடக்கிறானா?" என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்டாள். "நடக்கப் போகிறான்" என்று எழுதினேன். அது பொய்யாகாது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் ஜீப்பில் போடிநாயக்கனூருக்கு இறங்கினோம். டாக்டர் மகனின் காலைத் தட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ரயிலடிக் கடைவீதிக்குப் போனேன். சாக்குத் தைப்பவர்கள், கூடை முடைபவர்கள், கோடியில் ஒரு தச்சர். யுத்த காலத்தில் இந்த ஊர்த் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்களாம். இப்போது மறுபடி ரயில் வருகிறது. அதன் கூவலைக் கேட்டதும் மாயவரம் பிளாட்பாரம் கண்முன் வந்தது. அப்பாவுக்கு ரயில்வே வேலை. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நான் நடை பழகியதே அங்கேதான்.

தச்சரிடம் நடைவண்டி கேட்டேன்.

"எந்த ஊருக்கு ஆத்தா?"

"மேலே, போடிமெட்டுக்குப் பக்கத்தில் தோட்டம்."

"மலைக்கா? காலையில வண்டியப் பிடிச்சா புள்ளை மத்தியானம் அடிவாரத்துத் தேவாரம் ஊருல நிக்கும்!"

"டிக்கெட்டும் வேணாம்ணே!" என்றார் பக்கத்தில் சாக்குத் தைத்தவர்.

என் கண் கலங்கியதைத் தச்சர் பார்த்துவிட்டார் போலும். மூன்று சக்கரங்களையும் தட்டிக் கழற்றினார். அவை இருந்த இடத்தில் கட்டைகளை வைத்து அடித்தார்.

"இப்ப உருளாது. புள்ளை தள்ளுனாத்தேன் நகரும். சக்கரத்தை ஊருக்குப் போறப்ப மாட்டிக்கங்க."

"திரும்ப மாட்டினால் சரியாக வருமா?" கேட்காமல் இருக்க என்னால் முடியுமா?

"தண்டவாளத்தையே பேத்துக் கொண்டுபோயி மறுபடி போட்டுட்டாக. மூணு சக்கரத்தை மாட்ட முடியாதாக்கும்? வெரசாக் கெளம்புங்க, ஜீப்புல லோடு ஏத்திட்டாக."

முந்தாநாள் மகன் வண்டியைப் பிடித்து எழுந்தான். மேட்டைப் பார்த்துத் தள்ளினான். அது மண்ணைக் கீறிக்கொண்டு கறகறவென்று நகர்ந்தது. பின்னாலேயே அவனும் நடந்தான், வாசலிலிருந்து கோழிக்கூடு வரைக்கும். அன்றே அம்மாவுக்கு எழுதிவிட்டேன். மேடேறி மட்டுமே பழகுகிறவன் மாயவரத்துத் தெருவில் எப்படி நடப்பான் என்ற கவலை இன்று காலைதான் தொடங்கியிருக்கிறது.

நடைவண்டி சரிவான வாசலில் நிற்கிறது. அதன் சக்கரங்கள் என் டிரங்குப் பெட்டியில், மாயவரத்துச் சேலைகளுக்கு நடுவே இருக்கின்றன.