ஒரு புல்லும் மிஞ்சாது

நீர்வேலியில் பரமலிங்கத்தாரின் மருந்துக்கடைக்குத் தலையிடி என்று போனால் ஒன்றும் கிடைக்காது. அது தோட்டத்து மருந்துக்கடை. புழுவுக்கு, பூச்சிக்கு, பூஞ்சணத்துக்கு என்று எல்லாம் இருந்தாலும், கடை பேரெடுத்தது களைக்கொல்லியால்தான். வாழைத்தோட்டக்காரர் யாராவது போத்தலைத் தூக்கிப் பார்த்து, "அண்ணை, வேலை செய்யுமோ?" என்று கேட்டால், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்து ஒரே பதில்தான் சொல்வார்.

"அடிச்சுப் பார். ஒரு புல்லும் மிஞ்சாது."

முப்பது வருசம் சொல்லிச் சொல்லி மனிசன் அதைச் சாதித்தும் விட்டார். தன் வளவிலேயே கிளுவை வேலியைத் தறித்து மதில் கட்டி, முற்றத்துக்கு மருந்து அடித்து அடித்துக் குசினித் தரைபோல வைத்திருந்தார். அவர் வளவுக்குள் கால் வைத்த புல் பிழைத்ததில்லை. மருந்து மணத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவருக்கோ அந்த மணம் தெரியாமலே போய்விட்டது.

அவர் சொல்லுக் கேளாத ஆள் ஊரில் ஒருவர்தான், கத்தரியும் மரவள்ளியும் வைக்கிற தியாகராசா. மருந்தென்றால் அவர் கிட்டவும் போகமாட்டார்; தோட்டத்தில் பயிருக்குச் சரியாகப் புல்லும் நிற்கும். ஒருநாள் கடை நிறையச் சனம் நிற்க, வழியால் சைக்கிளில் போன தியாகராசாவைப் பரமலிங்கத்தார் மறித்தார். "உன்ரை காட்டிலை யானை கீனை நிண்டால் சொல்லு, படம் எடுக்க வாறன்." கடை கொல்லென்று சிரித்தது. தியாகராசா முகம் கறுத்துப்போய் சைக்கிளை மிதித்தார். அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவில்லை. அந்தத் தோட்டத்துக்குக் காடு என்ற பேர்தான் ஊரில் நிலைத்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி ஞானாம்பிகை, முயல் வளர்த்தார். கனடாவுக்குப் போன அயலவர் விட்டுவிட்டுப் போன மூன்று முயல்கள். சுத்த சைவக் குடும்பம் என்று தெரிந்தும், "அண்ணை, எப்ப கறி?" என்று கடையில் பகிடி விடுவார்கள். ஞானாம்பிகைக்கு அதெல்லாம் ஏறாது. "பிள்ளையள் போனிலை வருவினம், இதுகள் மடியிலை வருங்கள்" என்பார்.

போன மாசம் ஞானாம்பிகை தமக்கையோடு சிதம்பரம் கும்பிடப் புறப்பட்டார். காங்கேசன்துறையில் கப்பல் ஏறுமுன் சொன்னது ஒன்றே ஒன்று.

"இஞ்சேருங்கோ, நான் வரேக்கை மூண்டும் உயிரோடை இருக்கோணும். புல்லுக்கு நீங்கள்..."

"புல்லுத்தானே? எனக்குத் தெரியாத புல்லோ!" என்று பரமலிங்கத்தார் இடையில் மறித்தார். ஞானாம்பிகை ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்.

உண்மையில் அவருக்கு எல்லாப் புல்லும் தெரியும். எது எந்த மருந்துக்குச் சாகும் என்று நித்திரையிலும் சொல்வார். எது சாகாமல் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியாது. உரப்பையும் கையுமாகப் புறப்பட்டவர் ஒவ்வொரு தோட்டத்து வரம்பிலும் நின்று யோசித்தார். இது போன கிழமை அடித்தது. அது நேற்று அடித்தது. எல்லாம் தன் கை தூக்கிக் கொடுத்த போத்தல்கள். கடைசியில் கேதீஸ்வரனின் வாழைத்தோட்டத்து ஓரத்தில் பச்சையாக நின்ற அறுகைப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டார். மற்ற இரண்டும் மணந்து பார்த்துவிட்டு விலகின. சீனி என்ற வெள்ளை முயல் மட்டும் ஆசையாகத் தின்றது. பின்னேரம் அது மூலையில் சுருண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிடந்தது.

பரமலிங்கத்தார் பயந்துபோனார். கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டடியிலேயே இருந்தார். "சீனி, எழும்பம்மா" என்று கெஞ்சினார். மறுநாள் அது தட்டுத் தடுமாறி எழும்பித் தண்ணீர் குடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி நம்பிப் பிடுங்கக்கூடிய புல் ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கேட்கலாம், ஆனால் வாய் வரவேணுமே. ஆகவே விடியக் கருக்கலில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஊரின் பெரிய மனிசர் தியாகராசாவின் வேலியில் நாய் நுழைகிற பொட்டுக்குள்ளால் குனிந்து காட்டுக்குள் புகுந்தார். அறுகு, தொய்யில், மூக்கிரட்டை என்று பேர் சொல்லிப் பிடுங்கினார். முயல்கள் கொழுத்தன. கள்ளருக்கும் துணிவு வந்தது.

ஒரு காலையில் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டியவர் அப்படியே உறைந்துபோனார். தியாகராசா முதுகில் மெசினைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. மற்றப் பக்கத்துக்குத் திரும்புகிறார்.

"அடியாதை! தியாகராசா, அடியாதை!"

தன் வாழ்நாளில் பரமலிங்கத்தார் இந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல்தடவை.

தியாகராசா ஆறுதலாகத் திரும்பினார். "ஏன் அண்ணை, வேலை செய்யாதோ?"

கையில் உரப்பை, தலையில் துவாய், அரைவாசி உடம்பு வேலிக்கு உள்ளே. மறைக்க ஒன்றும் இல்லை. பரமலிங்கத்தார் முயலைச் சொன்னார், சீனியைச் சொன்னார், நாளையின்றைக்குக் கப்பல் வருவதையும் சொன்னார்.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை காடு எண்டனீங்கள்," என்றார் தியாகராசா. "கேக்கிறதையும் எல்லாருக்கும் முன்னாலை கேளுங்கோ. பின்னேரம் கடைக்கு வாறன்."

சொன்னபடி வந்தார். கடையில் வழக்கமான சனம். பரமலிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பினார். கூட்டுக்குள் வெறும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த சீனியை நினைத்துக்கொண்டார்.

"தியாகராசா, என்ரை முயலுக்குக் கொஞ்சம் புல்லு வேணும்."

"எங்கையிருந்து அண்ணை?"

"உன்ரை... தோட்டத்திலையிருந்து."

சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் அவர் பயந்த காரணத்துக்கு அல்ல. "உதைக் கேக்கவோ அண்ணை இவ்வளவு பாடு?" என்றார் கேதீஸ்வரன். "ஞானாம்பிகை அக்கா எத்தினை வரியமா அங்கைதானே பிடுங்கிறவ!"

பரமலிங்கத்தார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யானைப் பகிடி சொன்ன அன்றும் முயல்கள் அந்தப் புல்லைத்தான் தின்றிருக்கின்றன.

"அவர் வருவார், கேட்டால் குடு எண்டு சொல்லிப்போட்டுத்தான் அக்கா கப்பல் ஏறினவ," என்றார் தியாகராசா. "கேப்பியள் கேப்பியள் எண்டு நானும் பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் பொட்டுக்குள்ளாலை வாறியள்."

"அப்ப நீ அடிச்ச மருந்து? அரைவாசி போச்சே!"

"கேதீஸ்வரன் உங்களிட்டை வாங்கி இன்னும் பாவிக்காத மெசின் அண்ணை. உள்ளுக்கு இருந்தது கிணத்துத் தண்ணி. மணந்து பாத்துப் பிடிச்சிடுவியள் எண்டுதான் பயந்தனான்."

கடை அதிரச் சிரித்தது. தியாகராசா சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி திரும்பிப் பார்த்தார்.

"படலை திறந்து கிடக்கும், அதாலை வாங்கோ. ஒரு புல்லும் சாகேல்லை."