பெஞ்சில் இருந்தவர்களுக்கும் ஒரு கட்டில்

எங்கள் ராணுவ மருத்துவமனையில் மூத்தோர் வார்டு கட்டத் திட்டமிட்ட முதல் கூட்டத்திலேயே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நான் அப்போது வார்டு சிஸ்டர். பிளானில் பதினாறு கட்டில் ஆண்களுக்கு, நான்கு பெண்களுக்கு.

"ஓ.பி.க்கு பெண்கள் வர்றதே இல்லையே சிஸ்டர். கட்டிலைக் காலியா போடச் சொல்றீங்களா?" என்றார் வார்டு திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மேஜர். அடுத்த வாரம் பிளான் மேலிடத்துக்குப் போய்விடும். பிறகு சுவரைத் தள்ளிக் கட்ட முடியாது.

பெண்கள் வராமல் இல்லை. பாறசாலை, பொழியூர், அமரவிளைப் பக்கத்து முன்னாள் பட்டாளக்காரர்கள் மனைவி இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார்கள். அவர் உள்ளே டாக்டரிடம் வீரக்கதை அளப்பார். மருந்துப் பையும் குடையுமாக அந்த அம்மா வெளியே பெஞ்சில் இருப்பார். இங்கே தங்களுக்கும் வைத்தியம் உண்டென்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் பி.பி. மெஷினையும் சுகர் மெஷினையும் தூக்கிக்கொண்டு நேரே பெஞ்சுக்குப் போனேன். முதலில் இருந்தவர் ஹவில்தார் செல்லையன் அண்ணனின் மனைவி தங்கம்மை அக்கா.

"எனக்கு என்னத்துக்கு மக்கா? நான் இவருக்க கூட வந்ததாக்கும். எனக்கு ஒரு நோவும் சூக்கேடும் இல்ல."

"சும்மா விரலை நீட்டுங்க அக்கா."

மெஷினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. உடனே படுக்க வைக்க வேண்டும், ஆனால் பழைய வார்டில் பெண்கள் பக்கம் ஒரு கட்டிலும் காலி இல்லை. மேஜரைக் கூப்பிட்டேன். வந்தவர் பெஞ்சை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"இவங்க எல்லாரும் நம்ம ஆஸ்பத்திரி கார்டு உள்ளவங்களா?"

"எல்லாரும்தான் சார்."

ஆண்கள் வார்டிலிருந்து ஒரு கட்டிலை அவரே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிவந்தார். புது வார்டு பாதிக்குப் பாதி என்று அன்றைக்கே பிளானைத் திருத்தினார். எனக்குப் பெரிய சந்தோஷம். வார்டுக்குத் திட்டம் போடும் இளையவர்களே, நோயாளியை எண்ணிய கையோடு கூட வந்தவரையும் எண்ணுங்கள்.

சாயங்காலம் தங்கம்மை அக்காவுக்குச் சுகர் இறங்கியது. செல்லையன் அண்ணன் கேன்டீனிலிருந்து இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்தார்.

"சீனி இல்லாத்த சாயாவாக்கும். குடி."

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா மக்கா, கல்யாணம் களிஞ்சு இண்ணைக்காக்கும் இவரு எனக்கு ஒரு சாயா கொண்டு தந்தது."