பென்சில் குறியோடு நின்ற பெயர்

கார்த்திகை தீபத்தன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வாசல் கவுண்டரில் இருந்த செல்வம் என்னைக் கூப்பிட்டார். "மேடம், பின்னால போடற என்ட்ரி எல்லாம் இங்க வருதானு டவுட்டா இருக்கு. கொஞ்சம் பாருங்க."

கூட்டத்தில் காணாமல் போனவர்களுக்காக ஒரு தொண்டர் குழு அந்த வருடம் கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்திருந்தது. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்த நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வழி தவறியவர்களைப் பின்பக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, வசந்தி அங்கேயே பெயரை ஏற்றுவாள். தேடி வருகிறவர்களுக்குச் செல்வம் வாசலில் பார்த்துச் சொல்வார். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே டேட்டாபேஸ், நடுவில் ஒரு கேபிள். நெரிசலுக்குப் பயந்து, தேடி வருகிறவர்கள் யாரையும் உள்ளே விடவில்லை.

கவுண்டர் முன்னால் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பச்சையம்மாள் நின்றிருந்தார். கிரிவலத்தில் கணவரைத் தவறவிட்டவர். இரண்டாம் முறையாக வந்திருந்தார்.

"பேரு கன்னியப்பன். நல்லா பாரும்மா. நெஞ்சு வலிக்காரரு, மாத்திர எங்கிட்ட இருக்குது."

கேபிளை ஆட்டிப் பார்த்தேன். ஃபைலை மூடித் திறந்தேன். காலையிலிருந்து ஏற்றிய பெயர்கள் வரிசையாக வந்தன. அவர் பெயர் இல்லை.

"டேட்டா சரியாதான் வருது. அவரு இங்க இல்லீங்கம்மா" என்று சொன்னது நான்தான். பச்சையம்மாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேடப் போனார்.

ஒரு மணிக்கு வேறொரு பெண்ணின் பெயரை வசந்தி ஏற்றினாள். அந்த நொடியில் வாசல் திரையில் கன்னியப்பன் என்ற பெயர் வந்து நின்றது. பதிந்த நேரம் பதினொன்று. வசந்தியிடம் ஓடினேன்.

"அவரா? அப்பவே போட்டேனே மேடம்! 'அவளுக்குக் கண்ணு சரியா தெரியாது, தனியா தவிப்பா'னு சொல்லிட்டு இப்பதான் சைடு கேட்டுல போனாரு. எவ்ளோ சொல்லியும் கேக்கல."

மைக்கில் அறிவித்தோம். தொண்டர்கள் நாலா பக்கமும் தேடினார்கள். சாலையில் விழுந்துகிடந்த அவரை யாரோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பச்சையம்மாள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அந்தப் புரோகிராமில் ஒரு வரியை டைப் செய்யும்போது அதன் ஓரத்தில் பென்சில் குறி தெரியும். அடுத்த வரிக்குப் போனால்தான் சேவ் ஆகும். அதுவரை அந்தப் பதிவு அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும், மற்றதில் தெரியாது. வசந்தி கன்னியப்பன் பெயரை டைப் செய்துவிட்டு, கர்சரை அதே வரியில் விட்டு, அவருக்கு மோர் வாங்கப் போயிருக்கிறாள். அடுத்த ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. எனக்கு இது தெரியும். அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. சேவ் பட்டனும் வைக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். மறைக்காமல் சொன்னேன். "அவரு பேரு இருந்துச்சும்மா. எங்களுக்குத் தெரியல."

நிமிர்ந்து பார்த்தார். "தெரியலனா தெரியலனு சொல்லியிருக்கலாமே. ஏம்மா இல்லனு சொன்ன?"



அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் 'இல்லை' என்று வராது. 'இந்தத் திரையில் தெரியவில்லை, நேரில் போய்க் கேட்கவும்' என்று வரும். என்னிடம் வேலை கற்றவர்கள் இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்பார்கள். அன்று அந்தக் கூடத்துக்கு நடந்துபோய்ப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.