வெளியே நாற்பத்தாறு டிகிரி

கணேசமூர்த்திக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் வெயில், மழை, பனி, டிகிரிதான். இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. மணிக்கொரு தரம் வெப்பமானியைப் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும்.

மனைவி நாகலெட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஏழு மாதம். அந்த வீட்டு மேடம் வெள்ளிக்கிழமை மட்டும், தன் போனிலேயே, ஸ்பீக்கரில் போட்டுப் பத்து நிமிஷம் பேசவிடுவார். தமிழ் கூடாது. தனக்கு விளங்கும் இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம். புருஷன் பெண்டாட்டி பேச்சில் உனக்கென்ன வேலை என்று கேட்கலாம்தான். கேட்டால் அந்தப் பத்து நிமிஷமும் போய்விடும்.

கணேசமூர்த்தி தோட்டப் பள்ளிக்கூடத்து மார்கிரட் டீச்சரிடம் போய் நின்றார்.

"வெள்ளக்காரங்க பேச ஒண்ணுமில்லன்னா வானத்தப் பத்திதான் பேசுவாங்க. நீங்களும் அதையே பேசுங்கண்ணே," என்று டீச்சர் ஒரு கொப்பியில் இருபது வசனம் எழுதிக் கொடுத்தார். லேசான குளிருக்கு "இட்ஸ் அ பிட் சில்லி." இருட்டிக்கொண்டு வந்தால் "லுக்ஸ் லைக் ரெயின்." கொழுந்தைக் கிளறிக்கொண்டே மனிதர் மனப்பாடம் பண்ணினார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இருவரும் வானிலை அறிக்கை வாசித்தார்கள்.

"டுடே ஃபோர்ட்டீன். வெரி மிஸ்டி."

"ஹியர் வெரி ஹாட்."

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அந்தக் குரலைக் கேட்டால் ஒரு வாரம் ஓடிவிடும்.

ஜூலையில் ஒரு வெள்ளி. "ஹவ் இஸ் த வெதர்?" என்றார் வழக்கம்போல.

"கோல்ட்," என்றாள் நாகலெட்சுமி. "வெரி கோல்ட்." குரல் நடுங்கியது.

குவைத்தில் எத்தனை டிகிரி என்று காலையிலேயே போனில் பார்த்து வைத்திருந்தார். நாற்பத்தாறு.

"ஏசி?"

"நோ ஏசி. கிச்சன்."

அந்த வெயிலில் அடுப்படியில் நிற்பவளுக்குக் குளிருகிறதென்றால் அது காய்ச்சல் குளிர். நோயாளி என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறாள், பைத்தியக்காரி. மேடத்திடம் அவர் ஒருநாளும் நேரடியாகப் பேசியதில்லை. கொப்பியிலும் இதற்கு வசனம் இல்லை.

"மேடம்! அவுட்சைட் ஃபோர்ட்டி சிக்ஸ். மை வைஃப் கோல்ட். வொய்? ப்ளீஸ் மேடம், டச் ஹெர்!"

வளையல் சத்தம் கேட்டது. பிறகு மேடத்தின் குரல், பதறிப்போய்: "ஓ... ஹாட். வெரி ஹாட்." லைன் அறுந்தது.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை வேலையில் இருக்கும்போது அழைப்பு வந்தது.

"ஹாஸ்பிடல் ஃபினிஷ். நவ் குட்," என்றார் மேடம். கொஞ்சம் தயங்கி, "ஸ்பீக் தமிழ்," என்றார். ஸ்பீக்கரை அணைத்தது இங்கே தெரிந்தது.

கணேசமூர்த்தி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஏங்க," என்றாள் அவள்.

இங்கிலீஷில் புருஷனைக் கூப்பிட அவளிடம் சொல் இருந்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. ஏழு மாதமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. பரப்பிய கொழுந்துக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன் புள்ள. கூப்புடு. இன்னொரு தடவ கூப்புடு."